மனைவிக்கு வேறு தொடர்பு: விவாகரத்து, ஜீவனாம்சம் என்ன ஆகும்?

வழிப்போக்கன்:
மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருப்பது வாட்ஸ்அப் மெசேஜில் தெரிந்தது. கேட்டேன், அவள் மறுக்கவில்லை. போலீசில் புகார் கொடுக்கப் போனால் இது இப்போது குற்றமே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் இதை வைத்து விவாகரத்தும் கேட்க முடியாதா, ஜீவனாம்சம் வேறு நான்தான் கொடுக்கணுமா? நாலு வயதில் மகன் இருக்கிறான், அவனுக்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு.

கருப்பு அங்கி:
போலீஸ் சொன்னது சரி. இதைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 497வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. ஆனால் போனது ஜெயில் மட்டும்தான். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர் என்று வைத்துச் சொல்கிறேன்: 13வது பிரிவில் இது இன்றும் விவாகரத்துக்குக் காரணம், 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒருமுறை நடந்திருந்தாலும் மனு போடலாம். நிரூபிப்பதுதான் பெரும்பாடு. மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இன்னொன்று, எல்லாம் தெரிந்தபிறகு மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால் 23வது பிரிவைக் காட்டி உங்கள் மனுவையே தள்ள முடியும், அதனால் என்ன செய்வது என்று சீக்கிரம் முடிவெடுங்கள்.

தென்றல்:
ஜீவனாம்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 125வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 144வது பிரிவு. தகாத உறவில் "வாழ்ந்துகொண்டிருக்கும்" மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்றுதான் அதில் இருக்கிறது. எப்போதோ ஒருமுறை நடந்தது அதற்குப் போதாது, தொடர்ந்து நடப்பதைக் காட்ட வேண்டும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதாவது விவாகரத்துக்குப் போதுமான ஆதாரம் ஜீவனாம்சத்தை மறுக்கப் போதாமல் போகலாம். மகனுக்கான செலவு எப்படியும் உங்கள் பொறுப்புதான், அம்மா செய்ததற்காக அது ஒரு ரூபாய்கூடக் குறையாது.

மழைக்காலம்:
டெஸ்ட் பேச்சை தயவுசெய்து விடுங்கள். திருமண பந்தம் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, கருத்தரித்த காலத்தில் நீங்கள் இருவரும் சேரவே வாய்ப்பில்லை என்று காட்டினால்தான் மறுக்க முடியும். மனைவியின் தொடர்பை நிரூபிக்கக் குழந்தையின் ரத்தத்தைக் கருவியாக்கக் கூடாது என்று 2023லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவர்கள் சண்டையில் அந்தப் பிள்ளை எதற்கு?

வழிப்போக்கன்:
டெஸ்ட் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறேன். அவளும் பிரியத் தயார் என்கிறாள், பரஸ்பர சம்மதத்தில் போனால் இதையெல்லாம் கோர்ட்டில் சொல்லணுமா?

கருப்பு அங்கி:
தேவையில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான பிரிவு இந்து திருமணச் சட்டத்தின் 13பி, அதில் காரணத்தை நிரூபிக்க வேண்டாம், ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு, அதையும் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம். மகன் யாரிடம், படிப்புச் செலவு யாருடையது என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.