"நீங்க அஸ்டெக்கா?" என்று கேட்ட அன்று

சான் டியேகோவிலிருந்து

மெக்சிகோ, மத்திய அமெரிக்க மக்களோடு நெருங்கிப் பழகியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக மனதில் கிடக்கிறது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், நல்லெண்ணத்தில்தான், "நீங்க அஸ்டெக்கா? பெரிய பரம்பரை ஆச்சே!" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "என் அம்மா சபோடெக் இனம், தெற்கு மெக்சிகோவில் வஹாக்கா பக்கம். அஸ்டெக்குகள் எங்க ஊருக்கு வரி வசூலிக்க வந்தவங்க" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். 15ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் பேரரசின் தலைநகரான டெனோச்டிட்லானிலிருந்து, அதாவது இன்றைய மெக்சிகோ நகரம் நிற்கும் அந்த ஏரித் தீவிலிருந்து, படை தெற்கே வந்தது. தங்கம், பருத்தித் துணி, சிவப்புச் சாயத்துக்கான கொச்சினீல் பூச்சி எல்லாம் கப்பமாகப் போனது. வஹாக்கா என்ற பெயரே அவர்கள் இட்டதுதானாம். அவர்களுடைய நாவாட்ல் மொழியில் 'குவாஹே மரங்களின் மூக்கில்' என்று பொருள். மரங்கள் தொடங்கும் முனை என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்து ஒரு தட்டையான பச்சைக் காயை எடுத்துப் பிளந்தார். உள்ளே வரிசையாக விதைகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சவுண்டல்! எங்கள் ஊரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடும் அதே மரத்துக் காய். அதுதான் குவாஹே. அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியிருக்கிறது. அவர் விதைகளைப் பச்சையாகவே டோர்ட்டியாவில், அதாவது மக்காச்சோள ரொட்டியில், வைத்துச் சாப்பிட்டார். எனக்கும் நாலு கொடுத்தார். பூண்டு வாசம் தூக்கலாக இருந்தது.

அந்த ஏப்ரலில் அவரே என்னை அஸ்டெக் ஆட்டம் பார்க்கச் சிக்கானோ பூங்காவுக்கு அழைத்துப் போனார். சிக்கானோ என்றால் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர். கொரொனாடோ பாலத்துக்கு அடியில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்காகவும் பாலத்துக்காகவும் பாரியோ லோகன் பகுதியில் ஏராளமான குடும்பங்கள் வீடிழந்தன. மிச்சமிருந்த இடத்தில் பூங்கா வரும் என்று நம்பியிருந்த மக்கள், 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்ட புல்டோசர் வந்ததும் கைகோத்துச் சூழ்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு நாள் இடத்தை விட்டு நகரவில்லை. மண்ணைக் கொத்திக் கற்றாழை நட்டார்கள். கடைசியில் பூங்காதான் வந்தது. இன்று அங்கே பாலத்தைத் தாங்கும் தூண்களில் ஓவியங்கள். இறகுப் பாம்புக் கடவுளும் இருக்கிறார், பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் கறுப்புக் கழுகும் இருக்கிறது.

ஆட்டம் தொடங்கும் முன்பே சங்கு ஊதும் சத்தம் கேட்டது. நிஜச் சங்கு. அப்புறம் கோப்பல் என்ற மரப்பிசினின் புகை. கண்ணை மூடினால் சாம்பிராணிதான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தலையில் நீண்ட இறகு முடி, கீழே உட்கார்ந்து கணுக்காலில் சலங்கை கட்டிக்கொண்டிருந்தார். உலோகச் சலங்கை இல்லை. தோல் பட்டையில் கொத்துக்கொத்தாகக் கொட்டை ஓடுகள். அயொயோத்தே என்கிறார்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் அரளிக்கு மிக நெருங்கிய மரத்தின் கொட்டை. அதே முக்கோண வடிவம். வாயில் வைத்துவிடாதே என்று என் பாட்டி அடித்துச் சொன்ன கொட்டையின் உறவு அங்கே ஆட்டத்தின் தாளமாக இருந்தது. நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக மிதித்தபோது சரளைக்கல்லில் மழை பெய்கிற ஓசை.

இடைவேளையில் அந்த அம்மாவிடம் பேசினேன். அவருடைய பாட்டி மெக்சிகோவின் பூவெப்லா மாநிலத்தைச் சேர்ந்தவர். நாவாட்ல் பேசுவார், ஆனால் தன் தங்கையோடு மட்டும், அதுவும் அடுப்படியில் மட்டும். பிள்ளைகள் உள்ளே வந்தால் இருவரும் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்களாம். பள்ளியில் அந்த மொழி பேசி அடி வாங்கிய தலைமுறை. "பாட்டி எனக்குக் கொடுக்காததை நாற்பத்தைந்து வயசில் மாலை வகுப்பில் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன்" என்றார். குரலில் கசப்பு இல்லை.

இந்த ஆட்டம் ஐந்நூறு வருஷமாக அப்படியே வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்று நேராகச் சொன்னார். தேவாலய முற்றங்களில், ஆர்மடில்லோ விலங்கின் ஓட்டில் செய்த நரம்பு வாத்தியத்தோடு கொன்செரோக்கள் என்ற ஆட்டக் குழுவினர் ஆடிவந்ததன் கிளை இது. 1970களில் ஃப்ளோரென்சியோ யெஸ்காஸ், ஆண்ட்ரெஸ் செகூரா போன்ற ஆசான்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அறுந்ததை முடிச்சுப் போட்டுத்தான் எடுத்து வந்திருக்கிறோம், முடிச்சு தெரியத்தான் செய்யும் என்றார் அவர்.

என் நண்பர் மட்டும் ஓரமாக நின்றிருந்தார். வருஷா வருஷம் வருவார், மேளத்துக்குத் தலையாட்டுவார், இறகு வைக்க மாட்டார். 1969இல் டென்வர் மாநாட்டில் சிக்கானோ இளைஞர்கள், அஸ்டெக்குகளின் புராணத் தாயகமான அஸ்ட்லான் இந்தத் தென்மேற்கு அமெரிக்காதான் என்று அறிவித்தார்கள். 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ ஏறக்குறைய பாதி நிலத்தை அமெரிக்காவிடம் இழந்திருந்தது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று இன்றும் சொல்வார்கள். உன் ஊருக்குத் திரும்பிப் போ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் கால் ஊன்ற ஓர் இடம் தந்தது. நண்பர் அதை மதிக்கிறார். "ஆனா அந்தக் குடைக்குக் கீழே வந்தா எங்க அம்மா மொழி மறுபடியும் வெளியே நிக்குது" என்றார். பள்ளியில் மற்ற மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகளே அவரை 'வஹாக்கிட்டோ' என்று கேலி செய்திருக்கிறார்கள். சுவரில் அஸ்டெக் அரசன் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைகள்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு உண்மையாகவே படுகிறது.

மெக்சிகோ நகரத்திலிருந்து

அக்கா, இங்கே வேலைக்கு வந்து மூன்று வருஷம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் காய்கறிக்காரம்மாதான் நினைவுக்கு வந்தார்.

இந்த ஊரில் அஸ்டெக் காலத்தைத் தேடிப் போக வேண்டாம், காலுக்கடியில் இருக்கிறது. பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்தில் ரயில் மாறும் வழியில் காற்றுக் கடவுளின் வட்டக் கோயில் மேடை. மெட்ரோ தோண்டும்போது கிடைத்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டியபோது சந்திர தேவதை கொயொல்ஷாவ்கியின் சிற்பம் செதுக்கிய, மூன்று மீட்டருக்கு மேல் அகலமான கல் வட்டம் வந்தது. அதன் பிறகுதான் அஸ்டெக்குகளின் பெருங்கோயிலையே முழுசாகத் தோண்டினார்கள். கொடியில் கழுகு, காசில் கழுகு. கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை மனிதருக்குக் கிடைக்கிறதா என்றால், அதுதான் கேள்வி.

அந்தக் காய்கறிக்காரம்மா நகரத்தின் தென்கோடியில் இருக்கும் மில்பா அல்தாவிலிருந்து விடியற்காலையில் சப்பாத்திக் கள்ளி மடல்களோடு சந்தைக்கு வருவார். இடது கையில் மடல், வலது கையில் கத்தி. முள்ளை ஓரமாகச் சீவித் தள்ளுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒருநாள் அவர் மகளோடு வேறு ஒரு மொழியில் பேசுவதைக் கேட்டு, "நாவாட்லா?" என்றேன். "மெஹிக்கானோ" என்று திருத்தினார். அந்த மொழி பேசும் கிராமங்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அஸ்டெக் என்பது பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலான பெயர். டெனோச்டிட்லான்காரர்கள் தங்களை மெஷீக்கா என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அந்த அரசு 1521 ஆகஸ்ட் 13இல் ஸ்பானியரிடம் விழுந்தது. மொழி விழவில்லை. இன்றும் பதினாறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள்.

என் வீட்டுக்கார அம்மாவுக்கு அஸ்டெக் நகை என்றால் உயிர். நாங்கள் இருவரும் ஒருமுறை அதே கடைக்குப் போனோம். காய்கறிக்காரம்மா சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை என்றதும், வீட்டுக்கார அம்மா என்னிடம் திரும்பி "இந்தியோக்களிடம் இப்படித்தான்" என்றார், காய்கறிக்காரம்மா காதில் விழும்படி. பழங்குடி மக்களை இழிவாகச் சொல்லும் சொல் அது. கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு பழையபடி சீவத் தொடங்கியது. நான் அன்று வாயைத் திறக்காமல் இருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

சிகாகோவிலிருந்து

எல்லா லத்தினோக்களும், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், மெக்சிகோக்காரர்கள் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மா எல் சால்வடோர். அங்குள்ள பிபில் மக்களின் நாவாட் மொழி, நாவாட்லுக்குச் சகோதரி மொழி. 1932 ஜனவரியில் நடந்த எழுச்சியை அடக்க ராணுவம் ஆயிரக்கணக்கான பழங்குடி மக்களைக் கொன்றது. அதற்குப் பிறகு மொழியும் உடையுமே ஆபத்து என்று மறைத்துவிட்டார்கள். இவருடைய பாட்டி நாவாட் தெரியாது என்றே சாகும்வரை சொன்னாராம். காய்ச்சலில் மட்டும் பேசினார்.

நவம்பர் தொடக்கத்தில் பில்சன் வட்டாரத்தில் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது நானும் உதவிக்குப் போனேன். போட்டோ, தண்ணீர், ரொட்டி, அப்புறம் கூடைகூடையாகச் செம்பசூச்சில் பூ. நம்ம செண்டுமல்லியேதான்! மெக்சிகோ மண்ணின் பூ. நாவாட்லில் 'இருபது பூ' என்று பெயர். இதழ் அடுக்கின் கணக்கு அது. நான் ஊசி நூல் இல்லாமல் நாரில் தொடுத்ததைப் பார்த்து நாலு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா தன் பாட்டி படத்துக்கு அந்த மாலையைத்தான் போட்டார்.

மறுபடியும் சான் டியேகோவிலிருந்து

தம்பி, அந்த உறுத்தல் எனக்குப் புரிகிறது. அடுத்த முறை அந்த அம்மாவிடம் போய்ப் பேசுங்கள், அவர் மறந்திருக்க மாட்டார்.

செண்டுமல்லி பற்றிப் படித்ததும் சப்போட்டா ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லே நாவாட்லின் த்ஸாபோட்ல்தான், ஸ்பானிஷ் வழியாக வந்தது. சபோடெக் என்ற இனப் பெயரும் அதே வேர், சப்போட்டா நாட்டார் என்பது போல. அதுவும் அவர்களுக்கு அடுத்தவர் வைத்த பெயர்.

நான் இப்போது யாரிடமும் "நீங்க அஸ்டெக்கா?" என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்கிறேன். போன மாதம் நண்பரின் அம்மாவிடம் கேட்டேன். வஹாக்காவில் த்லாகொலூலாவுக்குப் பக்கத்துக் கிராமம் என்று தொடங்கியவர், ஞாயிற்றுச் சந்தை, வறண்டுபோன ஓடை, ஊரைவிட்டு வந்த வருஷம் எல்லாம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மூன்று கால் வைத்த அம்மியைக் காட்டினார். ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. ஸ்பானிஷில் மெத்தாத்தே என்பார்கள், நாவாட்ல் சொல். மண்டியிட்டு உட்கார்ந்து மக்காச்சோளத்தை அரைத்துக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன். அம்மியில் அரைத்த பழக்கத்தில் குழவியைப் பிடித்தேன், மணிக்கட்டைத் தட்டிச் சரிசெய்தார். சபோடெக்கில் இதற்கு வேறு பெயர் என்று சொல்லி, என் வாயில் சரியாக வரும்வரை மூன்று முறை சொல்லவைத்தார்.