திருக்குறளுக்கு எத்தனை பதிவு? நான்கடுக்கு மாதிரி நமக்கு வேண்டுமா?

நூலகி மாலதி:
போன வாரம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு முதுகலை மாணவி திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைக் கேட்டு வந்தார். கணினியில் 'திருக்குறள்' என்று தட்டினால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. மூலம், மு.வ. உரை, பரிமேலழகர், போப் எல்லாம் ஒரே வரிசையில். ஆங்கில எழுத்தில் 'டி' போட்டு ஏற்றியவை ஓரிடத்தில், 'டிஎச்' போட்டு ஏற்றியவை வேறிடத்தில். பல பதிவுகளில் 'மூலமும் உரையும்' என்று இருக்கிறதே தவிர யார் உரை என்று இல்லை. அவர் எடுத்துப் போனது பரிமேலழகர். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். மணக்குடவர் இரண்டு தட்டு கீழேதான் இருந்தது.

உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 1998-ல் வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் என்ற பட்டியல் மாதிரி இதற்கு வழி சொல்கிறது. வள்ளுவரின் குறள் ஒரு படைப்பு. தமிழ் மூலமும் 1886-ல் வந்த போப்பின் ஆங்கிலமும் அதன் வெளிப்பாடுகள். ஒரு பதிப்பகம் அச்சிட்டு விடுவது வெளியீடு. பார்கோடு ஒட்டி நம் அலமாரியில் நிற்பது பிரதி. 2017-ல் இதன் புதிய வடிவமான எல்ஆர்எம் வந்தபோதும் இந்த நான்கும் அப்படியே நின்றன. நம் பட்டியலையும் இப்படி மாற்ற வேண்டும் என்கிறேன்.

அட்டைப்பெட்டி:
மேடம், அந்தப் பெண் அலைந்தது எஃப்ஆர்பிஆர் இல்லாததால் அல்ல, பதிவை அரைகுறையாக ஏற்றியதால். கணினிப் பட்டியலுக்கான மார்க் வடிவத்தில், 240-ஆம் புலத்தில் சீர்மைத் தலைப்பாக, அதாவது எல்லாப் பதிப்புக்கும் பொதுவான தலைப்பாகத் 'திருக்குறள்', 700-ஆம் புலத்தில் மணக்குடவர் பெயர். இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் ஒரே தேடலில் கிடைத்திருக்கும். இதற்கு நான்கு அடுக்கு எதற்கு?

அப்புறம், நூலகவியல் அறிஞர் நம் ரங்கநாதன், நூல்களை வகைபிரிக்கத் தான் உருவாக்கிய கோலன் பகுப்பில் செவ்வியல் நூல்களுக்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார். மூலம், அதன் உரை, உரைக்கு உரை எல்லாம் அலமாரியில் அடுத்தடுத்து வந்து நிற்கும். அவர் அதைச் செய்தபோது எஃப்ஆர்பிஆர் என்ற பேச்சே இல்லை.

இன்னொன்று. 2003-ல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பின் ஆய்வாளர்கள், பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலிருந்து சில பதிவுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 78 சதவீதப் படைப்புகளுக்கு ஒரே ஒரு வெளியீடுதான். ஒரே தடவை அச்சான புத்தகத்துக்கு நான்கு அடுக்கு கட்டுவது வீண் வேலை.

நூலகி மாலதி:
78 சதவீதம் சரி, சார். ஆனால் எங்கள் வாசகர் திணறுவது மீதியில்தான். குறள், கம்பன், சிலம்பு. தமிழ்த்துறை உள்ள கல்லூரியில் அந்த மீதிதான் தினமும் வெளியே போகிறது.

ரங்கநாதன் மேல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரு இடம்தான். நான்கைந்து உரைகள் சேர்ந்த உரைக்கொத்தை யாருக்குப் பக்கத்தில் வைப்பீர்கள்? எல்ஆர்எம் கணக்கில் அது ஒரே வெளியீடு, அதற்குள் பல படைப்புகளின் வெளிப்பாடுகள். மணக்குடவரைத் தேடினாலும் வரும், பரிமேலழகரைத் தேடினாலும் வரும்.

நிரல் குமரன்:
நான் நூலகர் இல்லை, கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவிக் கொடுப்பவன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பிப்ஃப்ரேம் என்ற பட்டியல் மாதிரியில் மூன்று அடுக்குதான். படைப்பையும் வெளிப்பாட்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எனவே நான்கே சரி என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பல படைப்புப் பதிவுகளைச் சேர்த்துக் கட்ட, பின்னால் 'ஹப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு இடத்தில் எடுத்ததை வேறு பெயரில் திரும்ப வைக்க வேண்டியிருந்தது என்றே எனக்குப் படுகிறது.

பதிவுகளை நிரல் எழுதித் தொகுக்கலாம். ஆனால் உரையாசிரியர் பெயரே இல்லாத பதிவை எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. அதில் அட்டைப்பெட்டி ஐயா பக்கம்தான் நான்.

சுவடி வாசகர்:
தமிழ்த்துறைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரியின்படி உரை என்பது தனிப் படைப்பு. மூலம் ஒன்றுதான் என்ற நினைப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். மணக்குடவரையும் பரிமேலழகரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். சில இடங்களில் பாடமே, அதாவது குறளின் சொற்களே வேறு. பரிமேலழகர் வரிசைப்படி எண் சொல்லி மணக்குடவரில் தேடினால் வேறு குறள் வந்து நிற்கும். ஆக, மூலத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வெளிப்பாடு இருக்கிறது. இதை 240-ல் எப்படிக் காட்டுவீர்கள், ஐயா?

அட்டைப்பெட்டி:
நல்ல கேள்வி. 240-ல் காட்ட முடியாது. குறிப்புப் புலத்தில் எழுதலாம், ஆனால் அதை வைத்துப் பதிவுகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஏஏசிஆர்-2 என்ற பழைய பட்டியலாக்க விதிகளில் 21.13 என்று ஒன்று உண்டு. தலைப்புப் பக்கம் உரையை முன்னிறுத்தினால் உரையாசிரியர் பெயரில் பதிவு, மூலத்தை முன்னிறுத்தினால் வள்ளுவர் பெயரில். அதே பரிமேலழகர் உரை, பதிப்பகம் பக்கத்தை அமைத்த விதத்தைப் பொறுத்து இரண்டு இடத்தில் போய் விழும். பல வருடம் அப்படித்தான் நானே செய்தேன். அந்தக் குழப்பத்துக்கு உங்கள் மாதிரி பதில் சொல்கிறது.

ஆனாலும் மொத்தப் பட்டியலையும் மாற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். தனியாளாக நூலகம் நடத்துபவர்கள் இங்கே எத்தனை பேர்? தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டால் இருப்பதும் கெடும்.

நூலகி மாலதி:
சரி, குறள் மட்டும். எங்களிடம் உள்ள எல்லாக் குறள் புத்தகங்களையும் சனிக்கிழமை மேசையில் எடுத்து வைத்து, தலைப்புப் பக்கம் பார்த்து உரையாசிரியர் பெயரை ஏற்றுகிறேன். குமரன், அதற்குப் பிறகு தொகுத்துக் காட்டும் நிரலை முயன்று பார்க்கலாமா?

நிரல் குமரன்:
பார்க்கலாம் மேடம். ஏற்றி முடித்ததும் மார்க் கோப்பை அனுப்புங்கள். உரைக்கொத்துகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவைதான் முதலில் சிக்கும்.