மொறிஸ் மைனர் 1000: பம்ப் அடிக்கிறது, பெற்றோல் வரவில்லை

கேள்வி (கோண்டாவில்)

வணக்கம். என் அப்பாவிடம் 948 சிசி எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருந்தது. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓடியவர்களில் அவரும் ஒருவர். அவர் காலமானதிலிருந்து கார் நான்கு ஆண்டுகளாகக் கொட்டிலில் நிற்கிறது. போன கிழமை தாங்கியிலிருந்த பழைய பெற்றோலை வடித்துவிட்டு, புதிதாகப் பத்து லீற்றர் விட்டு, பற்றறியும் மாற்றினேன். சாவியைத் திருப்பியதும், தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் எஸ்.யு. மின்பம்ப் ஓயாமல் வேகமாக அடிக்கிறது. ஆனால் காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தால் ஒரு துளிகூட இல்லை. கராஜில் காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவின் கை பட்ட பாகங்களை இயன்றவரை மாற்றாமல் வைத்திருக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் (சுன்னாகம்)

தம்பி, பெற்றோல் வந்து சேராத காபரேற்றரை மாற்றி ஒரு பயனும் இல்லை. அதில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

எஸ்.யு. பம்ப் தன் குறையைத் தானே சொல்லும். சாவியைத் திருப்பியதும் சிறிது நேரம் அடித்து, காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை நிறைந்ததும் ஓய்ந்தால் அது நலமாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மின் இணைப்பையோ, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பொயின்ற்றையோ பார்க்க வேண்டும். இழுத்து இழுத்து மெதுவாக அடித்தால் வடிகட்டியோ குழாயோ அடைத்திருக்கும். உங்களுடையதுபோல் விடாமல் வேகமாக அடித்தால், அது பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும். மைனரில் தாங்கி பின்னால், டிக்கிக்குக் கீழே. பம்ப் முன்னால், எஞ்சின் அறையில். இடையிலுள்ள அந்த நீண்ட குழாயில் ஊசிமுனையளவு ஓட்டை இருந்தாலும், பம்ப் இழுக்கும்போது அதன் வழியே காற்று உள்ளே போகுமே தவிர, பெற்றோல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்காது. இதனால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

பதில் (பருத்தித்துறை)

மேலே ஐயா எழுதியது சரி. ஆனால் பம்பின் வால்வுகள் பழைய பெற்றோலின் பிசினில் ஒட்டிக்கொண்டாலும் இதே சத்தம் வரக்கூடும் என்பதால், முதலில் இரண்டையும் பிரித்தறியுங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயைப் பம்பில் கழற்றி, அந்த வாயில் ஒரு புதிய இறப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் பெற்றோல் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். பம்பிலிருந்து வெளியேறும் குழாயை இன்னொரு போத்தலுக்குள் விடுங்கள். பெற்றோல் துடித்துத் துடித்து வந்தால் பம்பில் குறையில்லை, அதற்குப் பின்னாலேயே தேட வேண்டும். வராவிட்டால் பம்பைத் திறக்க வேண்டியதுதான்.

வெளியிடத்தில், காற்றோட்டத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். குழாய்களைக் கழற்றுமுன் பற்றறியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். நம்மூரில் வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழாய்க்குக் காற்றடிப்பதானால் பம்பைக் கழற்றிவிட்டு, தாங்கியின் மூடியைத் திறந்து வைத்து, முன்னிருந்து பின்னோக்கி அடியுங்கள்.

கேள்வி கேட்டவர்

போத்தல் சோதனையில் பம்ப் நன்றாக இழுத்தது. இன்று காரின் அடியில் படுத்து, குழாயை ஒரு சாண் ஒரு சாணாகத் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். பின்சில்லுக்குச் சற்று முன்னால், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றியபோது அதன் அடியில் மட்டும் ஈரமண் கட்டியாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியதும் துருச் செதிலோடு ஒரு சிறு துளை தெரிந்தது. குழாயின் மற்றப் பகுதி முழுவதும் திடமாகவே இருக்கிறது. பம்பின் அடியிலுள்ள பித்தளை மூடியைத் திறந்து வடிகட்டியைப் பார்த்தேன். கோப்பித்தூள்போல் துரு நிறைந்திருந்தது.

புதிய குழாய் போட்டு, வடிகட்டியைக் கழுவிய பின், பம்ப் சிறிது நேரம் அடித்து மெதுவாகியது; ஆனால் நிற்கவில்லை. இப்போது மிதவை அறையின் மேலிருந்து பெற்றோல் வழிகிறது.

பதில் (சுன்னாகம்)

உடனே சாவியை நிறுத்துங்கள். எக்சோஸ்ட் குழாய் பக்கத்தில்தான் இருக்கிறது. மிதவை அறையின் மூடியைக் கழற்றினால், பெற்றோலைத் திறந்து மூடும் சிறிய ஊசியைக் காண்பீர்கள். அது பிசினில் ஒட்டியிருக்கும், அல்லது துரு மணி ஒன்று இடையில் சிக்கியிருக்கும். ஊசியையும் அது அமரும் இருக்கையையும் தின்னரில் கழுவி, ஊசியின் கூர்முனையை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும். மிதவையைக் காதருகே ஆட்டி, உள்ளே பெற்றோல் புகுந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

துரு தாங்கியிலிருந்தே வந்திருப்பதால், அதையும் இறக்கிக் கழுவாமல் தூர ஓட வேண்டாம். எக்காரணம் கொண்டும் அதில் வெல்டிங் செய்ய விடாதீர்கள். வெறுமையான தாங்கியில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

கேள்வி கேட்டவர்

ஊசியில் தழும்பு இல்லை, பிசின்தான். கழுவிப் பூட்டியதும் பம்ப் சிறிது நேரம் அடித்து ஓய்ந்தது. சோக்கை இழுத்து ஸ்ராட் செய்தபோது மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. காபரேற்றர் அப்பா பூட்டிய அதே காபரேற்றர்தான். தாங்கியை நாளை இறக்குகிறேன்.