புதுப்பிப்பு: தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்

பிரசவத்துக்குப் பிறகு தங்கைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று போன வாரம் பதறிப்போய் எழுதியிருந்தேன். இன்று வீடு திரும்பிவிட்டாள். குழந்தையும் நலம்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களா என்று பலர் கேட்டீர்கள். இல்லை. அது சுருங்காததுதான் பிரச்சினை. பெரும்பாலோருக்கு இதுவே காரணம். வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினும், ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலமும் ஏற்றினார்கள். இரண்டாவது மருந்தைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். அவளுக்கு ஆஸ்துமா உண்டு என்று அம்மா உடனே சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று! கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான கார்போப்ராஸ்ட் ஊசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். கடைசியில், கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து நீர் நிரப்பிய பிறகுதான் நின்றது. அதுவும் கைகொடுக்காவிட்டால் கர்ப்பப்பையை இறுக்கும் தையல், ரத்தக்குழாயை அடைப்பது, அப்புறம்தான் அகற்றுவது.

இப்போது ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். நிறைய தூங்குகிறாள்.