டி.பி.எஃப் (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது, மலையில் ஓட்டுபவர்கள் உதவுங்கள்

கோத்தகிரியில் பம்ப் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். எஸ்டேட் மண் பாதைகளுக்காக வாங்கிய 4x4தான் தினசரி வேலை வண்டி: 2022 மாடல், 2.2 லிட்டர் டீசல், பி.எஸ்.6, மேனுவல், 61,000 கி.மீ. பின் சீட்டை மடக்கினால் மோட்டார், பைப், டூல் பெட்டி எல்லாம் அடங்கிவிடும். அதில் குறையில்லை.

மூன்று மாதமாக 200 கி.மீ.க்கு ஒருமுறை டி.பி.எஃப் விளக்கு எரிகிறது. பிக்கப் செத்துவிடுகிறது. ஆயில் அளவு குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி ஏறுகிறது, டீசல் வாடையும் வருகிறது. என் ஓட்டம் ஒரு தடவைக்கு நாலைந்து கி.மீ.தான், பெரும்பாலும் இரண்டாவது கியர்.

சர்வீசில் இரண்டு முறை கம்ப்யூட்டர் வைத்து ரீஜெனரேஷன் (ஃபில்டரில் சேர்ந்த கரியைச் சூட்டில் எரிப்பது) செய்தார்கள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. ஆயில், ஏர் ஃபில்டர் புதிது. டர்போ ஹோஸில் கசிவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கினால் சரியாகும் என்றார்கள். இறக்கத்தில் எஞ்சினுக்கு ஏது சூடு? அப்புறம் அவினாசி வரை 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டினேன். விளக்கு அணைந்தது, அடுத்த வாரமே வந்துவிட்டது. ஃபில்டரையே வெட்டி எடுக்கச் சொல்லாதீர்கள், அது சட்டப்படி தப்பு.

இதே மாதிரி குறுகிய ஓட்டம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: பிரஷர் சென்சார், இ.ஜி.ஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு), இன்ஜெக்டர், இதில் எதை முதலில் சோதிக்கச் சொல்லட்டும்?