ரெட்ரோபை ஸ்லோவா இழுக்குது, பை 3பி பத்தலயா?

பாண்டி_8பிட் (லாஸ்பேட்டை):
வணக்கங்க. ராஸ்பெர்ரி பை 3பின்னு குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு வீட்ல சும்மா கெடந்துச்சு, பசங்களுக்கு லீவாச்சேன்னு ரெட்ரோபை (பழைய வீடியோ கேம் ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு ஹால் டிவில மாட்டி விட்டேன். ஆரம்பத்துல நல்லாதான் ஓடுது, கொஞ்ச நேரத்துல டெக்கன் 3ல ஆளுங்க தண்ணிக்குள்ள நடக்கறாப்ல ஆயிடுது, சவுண்டு கரகரன்னு உடையுது. சூப்பர் நின்டெண்டோ கேமும் அப்பப்ப விக்குது. நின்டெண்டோ 64 பத்தி கேக்கவே வேணாம். ஒருத்தர் ஓவர்க்ளாக் (சிப்போட வேகத்த ஏத்தறது) பண்ணுங்கறாரு, இன்னொருத்தர் பை 4 வாங்குங்கறாரு. பழைய மொபைல் சார்ஜர்லதான் ஓடுது, டிவிக்குப் பின்னாடி மூடுன பிளாஸ்டிக் கேஸ்ல ஒட்டி வச்சிருக்கேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

மஞ்சக்குப்பம்_ஜாய்ஸ்டிக்:
ஓவர்க்ளாக்க இப்ப தொடவே தொடாதீங்க, சூடுதான் ஏறும். கடைசியா போற போக்குல சொன்னீங்களே சார்ஜர், மூடுன கேஸ், வில்லனே அந்த ரெண்டும்தான். 3பி சிப்பு 1.2 கிகாஹெர்ட்ஸ், ஆனா வோல்டேஜ் 4.63க்குக் கீழ எறங்குனா அதுவே 600 மெகாஹெர்ட்ஸுக்கு எறங்கிக்கும், சூடு 80 டிகிரி தாண்டுனாலும் வேகத்தக் கொறைக்கும், அப்புறம் எந்த எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் மாதிரியே வேல செய்யற சாஃப்ட்வேர்) போட்டு என்ன ஆகப் போவுது. கேம் ஓடறப்ப மேல வலது மூலைல மஞ்ச மின்னல் வருதான்னு பாருங்க. டெர்மினல்ல vcgencmd get_throttled அடிச்சுப் பாருங்க, 0x0 வந்தா பிரச்சனை இல்ல, 0x50005 மாதிரி வந்தா கரண்டு பத்தல. இதுக்கு 5.1 வோல்ட் 2.5 ஆம்ப் அடாப்டர் வேணும். ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, அது போனோட பேசிதான் வோல்டேஜ ஏத்தும், பையோட பேசாது. கேபிளும் மெல்லிசா நீளமா இருந்தா வழியிலயே வோல்டேஜ் கொறைஞ்சிடும். கேஸ் மூடியக் கழட்டுங்க, ஹீட்சிங்க் ஒட்டுங்க, அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரு குட்டி ஃபேனும் வேணும், அதோட ஒயர போர்டுல 4வது பின்லயும் (5 வோல்ட்) 6வது பின்லயும் (கிரவுண்டு) மாட்டுங்க.

முத்தியால்பேட்டை_ரீசெட்:
அண்ணன் சொன்னது சரி, கூட ஒண்ணு. விட்டு விட்டு விக்காம, சவுண்டும் உடையாம, முதல்லேர்ந்தே ஒரே சீரா மெதுவா ஓடுற கேம் எதாவது இருந்தா அது பை குத்தமே இல்ல, யூரோப் டிவி முறைக்கு வந்த பால் (PAL) வெர்ஷன் கேமா இருக்கும். அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கா ஜப்பான் வெர்ஷன் 60. அந்தக் காலத்துலயே அப்பிடித்தான் ஓடுச்சு, அடாப்டர், ஃபேன் மாத்துனாலும் மாறாது. அப்புறம் ரெட்ரோபைக்குள்ள இருக்கற ரெட்ரோஆர்க் செட்டிங்ஸ்ல ரன்-அஹெட், ரீவைண்ட் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. ரன்-அஹெட் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒண்ணுக்கு மேல தடவ ஓட்டிப் பாக்கும், இந்தச் சின்ன போர்டு தாங்காது. பழைய டிவி கோடு மாதிரி தெரியணும்னு ஷேடர் போட்டிருந்தா சிஆர்டி-பை மட்டும் வைங்க, அது இதுக்குன்னே எழுதுனது. டிவி அவுட்புட்ட 720பி ஆக்குங்க. சூப்பர் நின்டெண்டோவுக்கு பிஎஸ்நெஸ் (bsnes) எமுலேட்டர் இருந்தா தூக்கிட்டு எஸ்நெஸ்9எக்ஸ்2010 (snes9x2010) போடுங்க.

பாண்டி_8பிட்:
மின்னல் வருது!! இத்தன நாளா பசங்க அத கேம்ல வர்ற பவர்னு நெனச்சிட்டிருந்துருக்காங்க 😂 நம்பரும் 0x50005தான். அடாப்டர் மாத்தி மூடியயும் கழட்டுனேன், டெக்கன் இப்ப கத்தி மாதிரி போவுது. ரன்-அஹெட் ஆன்லதான் இருந்துச்சு, ஆஃப் பண்ணதும் சூப்பர் நின்டெண்டோவும் ஓகே. 64 மட்டும் இன்னும் இழுக்குது.

மஞ்சக்குப்பம்_ஜாய்ஸ்டிக்:
64க்கு 3பி திணறத்தான் செய்யும். கேம் லோடாகறப்ப ஒரு பட்டன தட்டுங்க, ரன்கமாண்ட் மெனு வரும், அதுல 64 எமுலேட்டரான மூபென்64பிளஸ்ல (mupen64plus) ரைஸ்ங்கற (Rice) படம் வரையற ப்ளகின எடுத்து ரெசல்யூஷன 320க்கு 240 ஆக்குங்க. மரியோ கார்ட்டுக்கு இது போதும். அதுலயும் இழுக்கற கேமுக்கு மட்டும் பை 4 பத்தி யோசிங்க, அதுக்கு அடாப்டர் டைப்-சி 3 ஆம்ப், இப்ப வாங்குனது செட்டாகாது.