சாவியைக் கொடுத்தபின் ஒரு போன்கூட வரவில்லை

செவ்வாய்ப்பேட்டை வேலு:
22 வருடம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தினேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். கண் மங்கிவிட்டது, வெள்ளியை ஒட்டவைக்கும் பற்று சரியாக விழுந்ததா என்று தெரியவில்லை. அதனால் தை மாதம் தங்கை மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் கோயிலுக்குப் போனாலும் போன் வரும். கொலுசு மணி போதவில்லை, பற்றவைக்கும் பொடி தீர்ந்துவிட்டது, டச் (வெள்ளியின் சுத்தம்) குறைகிறது என்று வியாபாரி சத்தம் போடுகிறார். இப்போது சித்திரை பிறந்துவிட்டது. ஒரு அழைப்பு இல்லை. அத்தனை வருடம் அவர்கள் பேசியது என்னிடமா, என் இடுப்பில் இருந்த சாவியிடமா?

ஏற்காட்டுக் காபிக்காரன்:
ஐயா, இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் இல்லாமலும் பட்டறை ஓடுகிறது என்றால் நீங்கள் நன்றாக நடத்தியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் காபிச் செடிக்கு நிழல் மரம் வேண்டும். ஆனால் அந்த மரத்தைக் கவாத்து செய்யாமல் விட்டால் கீழே காய் பிடிப்பது குறைந்துவிடும். பழகிய மரத்தின் கிளையை வெட்ட எனக்கும் மனசு வராது, வெட்டித்தான் ஆகவேண்டும். உங்கள் மருமகனுக்கு இப்போதுதான் வெயில் படுகிறது.

குகை மாலதி:
அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறை ஓடுவது வேறு, மனிதர்கள் பேசுவது வேறு. என் அம்மா பதினான்கு வருடம் ஒரு பட்டறையில் பற்றவைத்தார். விரல் நுனியெல்லாம் சூடு பட்டுக் காய்ப்பு ஏறியிருக்கும், கோலப்பொடியைக் கிள்ளினால்கூட உணர்ச்சி தெரியாது. முதலாளி ஓய்வுக்குப் போனபோது அம்மா அழுதார். ஆனாலும் ஒரு தடவைகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை. "என்ன காரணம் சொல்லிட்டுப் போறது?" என்றார். வேலை சம்பந்தமாக இல்லாமல் அவரோடு பேசியதே இல்லை, அதனால் பேச வழி தெரியவில்லை. வேலு ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வந்த அத்தனை போனில் பட்டறையைப் பற்றி இல்லாதது எத்தனை?

ஏற்காட்டுக் காபிக்காரன்:
பொறுப்பில் இருப்பவன் எல்லாரோடும் ஒட்டி உறவாடினால், நாளைக்கு முன்பணம் யாருக்குத் தருவது, யாருக்கு மறுப்பது? கொஞ்சம் தள்ளி நின்றால்தான் நியாயம் பேச முடியும். நம் சேலத்தில் 1917-லிருந்து 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. பிறகு நாட்டுக்கே கவர்னர் ஜெனரல் ஆனார். அதன் பிறகும் 1952-ல் ஒரு மாநிலத்தின் முதல்வராக வந்து உட்கார்ந்தார். நாற்காலி வேறு, தான் வேறு என்று தெரிந்தவரால்தான் அப்படி இறங்கி வர முடியும். யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

குகை மாலதி:
அதே ராஜாஜிதான் 1953-ல் பள்ளியில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். கட்சிக்காரர்களைக்கூடக் கலந்து பேசவில்லை. குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் திட்டம் என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் பதவியை விட்டுப் போனார். அவருக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தள்ளி நின்றால் எதிரே இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாது அண்ணா. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஏற்காட்டுக் காபிக்காரன்:
கலந்து பேசவில்லை என்பது சரி, அது தப்புதான். ஆனால் கலந்து பேசுவதற்கு வீட்டு விஷயம் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வேலு:
மாலதி கேட்டதை இரண்டு நாள் யோசித்தேன். அப்படி வந்தது இரண்டு போன். இரண்டுமே சாவுச் செய்தி.

நேற்று பட்டறைக்குப் போனேன். மருமகன் எழுந்து நின்றான், உட்காரச் சொல்லிவிட்டு, பற்றவைக்கும் அம்மா பக்கத்தில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது வருடமாக எனக்கு நாலடி தள்ளி இருந்தவர். அவர் மகளுக்கு ஏழாவது மாதமாம். மகளின் பெயரை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், வெட்கமாக இருந்தது. வளைகாப்புக்கு வரச் சொன்னார்.

ஆனால் காபிக்காரத் தம்பி சொன்னதையும் தள்ள முடியவில்லை. அப்போது ஒரு வியாபாரி வந்து எடையில் தகராறு செய்தார். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. நான் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் சொன்ன விலை நான் சொல்லியிருப்பதைவிடக் குறைவு. வியாபாரி வாங்கிக்கொண்டு போனார்.